குறிப்பு என்னும் கட்டம்

பீனிக்ஸ் தொழிற்பேட்டை, ஏழாம் எண் கொட்டகை.
விடியுமுன் நான் ஷட்டரைத் தூக்கும்போது
மூன்று வண்டிகள் பின்பக்கம் காட்டி நிற்கும்.
சரக்கு வண்டியை இந்த டர்பனில் பக்கி என்பார்கள்.
என் காதில் அது பாக்கி என்றே விழுகிறது,
பதினோரு வருடமாக.

சுவரில் பலகை.
ஒவ்வொரு கருவியின் உருவையும்
வெள்ளைச் சாயத்தில் வரைந்து வைத்திருக்கிறேன்.
எடுப்பவர் தன் எண் பொறித்த பித்தளை வில்லையை
அந்த ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும்.
ஆளுக்கு ஐந்து வில்லை.
வெற்று உருவம், ஆணியில் வில்லை: சரி.
வெற்று உருவம், வெற்று ஆணி: என் தூக்கம் போயிற்று.

டிரில் ஆறு. குழாய் வளைப்பான் நாலு. மெகர் மூன்று.
கேபிள் முனையை நசுக்கும் ஹைட்ராலிக் கிரிம்பர்
ஒன்றே ஒன்று.
திங்களும் செவ்வாயும் கேசவலு குழுவுக்கு.
புதன் மோர்கனுக்கு
(வீட்டில் முருகன், சம்பளச் சீட்டில் மோர்கன்).
வியாழனும் வெள்ளியும் லுங்கானிக்கு.
ஒரு கருவியை மூன்று குழு பங்கிடுவது
ஒரு குளியலறையை ஏழு பேர் பங்கிடுவது மாதிரி.
கதவைத் தட்டாத நாளே கிடையாது.

மத்தியானம் பெட்டி கட்டுவேன்.
கார்னுபியாவில் எழும்பும் நூற்று நாற்பது வீட்டுக்கு
கதவுக்கு ஒரு பெட்டி.
வளைத்த குழாய், அளந்து வெட்டிய கம்பி,
சிவப்பு, கறுப்பு, பச்சையில் மஞ்சள் கோடு,
வால் விட்டுக் கட்டிய சுவிட்சுப் பெட்டி ஒன்பது.
தளத்தில் எவனும் அளக்கக் கூடாது.
அங்கே குடிவரப் போகிறவளின் கெட்டில்
எந்தச் சுவரோரம் கொதிக்கும் என்று
அவளுக்கு முன்பே எனக்குத் தெரியும்.

அந்தத் திங்கட்கிழமை
கிரிம்பரின் இடத்தில் வெள்ளைக்கோடு மட்டும்.
ஆணியில் ஒன்றுமில்லை.
கடைசியாக எடுத்தது இருபத்துமூன்று, லுங்கானி.
"வெள்ளி சாயங்காலமே உன் மேசையில் வைத்தேன், சிசி.
வில்லையை நீதானே எடுத்துக் கொடுத்தாய்?"
வில்லை அவன் கழுத்துக் கயிற்றில் இருந்தது உண்மை.
பதிவேட்டில் 'திரும்பியது' கட்டம் காலி.
நான் கட்டத்தை நம்பினேன்.
நாற்பத்தாறாயிரம் ராண்ட், என்றேன், எல்லார் முன்னும்.
திருடன் என்று சொல்லவில்லை, விலையைச் சொன்னேன்.
கூட்டிக் கழிக்கத் தெரியாதவர் அங்கே யாருமில்லை.

மறுநாள் ஐந்து வில்லைகளையும்
என் மேசையில் வரிசையாக வைத்தான்.
"என் எண்ணில் இனி எதுவும் எழுதாதே."
அவன் குழு சொந்தக் காசில் வாங்கிய இடுக்கியோடு போனது.
நேரம் கழித்துத் திரும்பியது.
நான் வாடகைக்கு ஒரு கிரிம்பர் எடுத்தேன்.

வியாழன் பதினோரு மணிக்குத் தளத்திலிருந்து கேசவலு:
"கோகி, எண்பத்தெட்டாம் கதவுப் பெட்டி என்ன இந்தக் கனம்?"

ஒன்பது சுவிட்சுப் பெட்டி, கம்பிச் சுருள்,
அடியில் கிரிம்பர்.
மேலே என் கையெழுத்தில் சீட்டு, நான் அடித்த ஆணி.
வெள்ளி மாலை மின்வெட்டு.
போன் வெளிச்சத்தில் மேசையில் கிடந்ததையெல்லாம்
வாரிப் போட்டு மூடியிருப்பேன் போல.
போல என்ன, மூடினேன்.

எண், கருவி, எடுத்தது, திரும்பியது, குறிப்பு.
குறிப்பில் இதுவரை எழுதியதெல்லாம்
முனை மழுங்கல், கைப்பிடி ஆட்டம்.
அன்று எழுதினேன்:
தொலைத்தது கோகிலாம்பாள் படையாச்சி.
வெள்ளி விடியுமுன், மூன்று வண்டியும் நிற்கையில்
அதைச் சத்தமாக வாசித்தேன். விலையையும் வாசித்தேன்.

லுங்கானி கேட்டான். சிரிக்கவில்லை.
கூலுங்கிலே, என்றான்;
சரி என்றும் அதற்குப் பொருள்,
போதும் என்றும் வைத்துக்கொள்ளலாம்.
ஒரு வில்லையைக் கிரிம்பர் ஆணியில் மாட்டினான்.
மூன்றைப் பையில் போட்டுக்கொண்டான்.

ஐந்தாவது இன்னும் என் மேசையில் இருக்கிறது.
பெட்டியை மூடப் போகும் ஒவ்வொரு தடவையும்
அதை ஓரமாக நகர்த்தி வைக்கிறேன்.